அணி தெரிதல்

தலைப்பைக் கண்டு, இஃது அணியிலக்கணம் பற்றிய கட்டுரை என்று எண்ணி இப்பக்கத்தைப் புரட்டிய தமிழன்பர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். ஈண்டு நான் பேசப் புகுவது உவமையணியும் அன்று, உருவக அணியும் அன்று. நம் மாணவச் செல்வங்கள் கைப்பேசியில் ஆடும் ஒரு விளையாட்டில் ஆறு உயிரினங்களைத் தெரிந்தெடுத்து அமைக்கும் போர் அணியைப் பற்றியே சில சொற்கள் கூற விழைகிறேன். தமிழ்த்துறை மலரில் இதற்கு இடமுண்டா என வினவுவோர்க்கு விடை கட்டுரையின் உள்ளேயே கிடைக்கும் என்று நம்புகிறேன். கிடைக்கவில்லையெனில் குற்றம் என்னுடையதே, மலர்க்குழுவினருடையது அன்று.

கோடை விடுமுறை ஒன்றில் என் தமக்கை மகன் எங்கள் இல்லத்தில் தங்கியிருந்தான். பொறியியல் பயில்பவன். அஸர் தொழுகை முடிந்ததும் நகராட்சிப் பூங்காவை நோக்கி விரைவான்; மஃரிபுக்குப் பாங்கு சொல்வதற்குள் திரும்பிவிடுவான். ஒருநாள் முகம் வாடி வந்தான். என்னவென்று கேட்டேன். “தோற்றுவிட்டோம் மாமா. ஐந்து பேர் சேர்ந்தும் தோற்றுவிட்டோம். எங்களிடம் இருந்ததெல்லாம் பெரிய பெரிய எண் உடையவை” என்றான். அன்றிரவு அவன் ஒரு குறிப்பேட்டில் கட்டம் போட்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தான். தேர்வுக்குப் படிக்கிறான் என்று மகிழ்ந்து எட்டிப் பார்த்தேன். எந்த விலங்கை எந்த விலங்கு வெல்லும், எந்த விலங்கிற்கு எந்த அடி பொருந்தும் என்று நான்கு பக்கம் நிறைய எழுதி வைத்திருந்தான். இருபது ஆண்டுகளாக யாப்பிலக்கணம் கற்பிக்கும் எனக்கு, சீரையும் தளையையும் இத்துணை ஆர்வத்தோடு அட்டவணையிட்டு எழுதிய மாணவன் ஒருவனும் இதுகாறும் வாய்த்ததில்லை. கோபம் வந்தது, அடுத்து ஆவல் வந்தது. ஆவலே வென்றது எனலாம்.

அவ்விளையாட்டின் பெயர் போக்கிமான் கோ. அதன் வேர் ஜப்பானில் உள்ளது. சத்தோஷி தஜிரி என்பவர் சிறுவயதில் பூச்சிகளைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதில் பெருவிருப்பம் கொண்டவர். டோக்கியோவை அடுத்த மச்சிதா என்னும் ஊரில் அவர் வளர்ந்த காலத்தில் வயலும் குளமும் மறைந்து கட்டடங்கள் எழுந்தன. பூச்சி பிடிக்கும் இன்பம் அடுத்த தலைமுறைக்கு இல்லாமற் போயிற்றே என்னும் ஏக்கத்திலிருந்தே கற்பனை உயிரினங்களைப் பிடித்துச் சேர்த்து, பிறரோடு மாற்றிக்கொள்ளும் விளையாட்டு பிறந்தது. 1996ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நின்டென்டோ நிறுவனத்தின் கையடக்க விளையாட்டுப் பொறியில் அது வெளிவந்தது. 2016 ஜூலையில் கைப்பேசி வடிவம் வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் இந்தியாவிற்கும் வந்து சேர்ந்தது. இருந்த இடத்தில் இருந்து ஆடுவது அன்று இது. ஊரின் வரைபடமே ஆடுகளம். நடந்தால்தான் விலங்கு கிட்டும்.

2017 ஜூனில் அதனுள் ஒரு புதுமை புகுந்தது. மாணவர் அதனை ‘ரெய்டு’ என்பர். நாம் முற்றுகைப்போர் எனலாம். மணிக்கூண்டு, பூங்காச் சிலை போன்ற பொதுவிடங்கள் விளையாட்டில் அரண்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. குறித்த வேளையில் அவ்வரணின் மேல் மாபெரும் உயிரினம் ஒன்று வந்து அமரும். அதுவே தலைமை எதிரி. அவ்விடத்தில் கூடும் ஆட்டக்காரர், இருபதின்மர் வரை, ஒருங்கு சேர்ந்து அதனைத் தாக்கலாம். ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள நூற்றுக்கணக்கான உயிரினங்களிலிருந்து ஆறனை மட்டுமே களமிறக்க முடியும். எதிரி ஐந்து விண்மீன் தரத்ததாயின் அதனை வீழ்த்தத் தரப்படும் நேரம் 300 நொடி. ஆறும் சாய்ந்தால் வேறு ஆறினைக் கொண்டு மீண்டும் புகலாம். ஆனால் கடிகாரம் நிற்காது. அரண் முற்றலைப் பாடும் உழிஞைத் திணையை வகுப்பில் நடத்தும்போது இனி இதனை எடுத்துக்காட்டலாமோ என்று ஒரு கணம் தோன்றியது. துறைத்தலைவர் முகம் நினைவிற்கு வரவே விட்டுவிட்டேன்.

இனிச் செய்திக்கு வருவோம். ஒவ்வோர் உயிரினத்தின் தலைக்கு மேலும் ஓர் எண் எழுதியிருக்கும். அதற்குப் போராற்றல் எண் என்று பெயர். தாக்கும் வலிமை, தாங்கும் வலிமை, உயிர்நிலை ஆகிய மூன்றையும் கொண்டு கணக்கிடப்படுவது அது. புதிதாக ஆடுவோர் அனைவரும் அவ்வெண்ணையே நோக்குவர். எண் பெரிதாயின் வீரன், சிறிதாயின் கோழை. என் மருமகனும் அவன் தோழரும் அன்று செய்தது அதுவே.

அவர்கள் அணியில் முதலாவதாக நின்றது ஸ்லேக்கிங் என்னும் உயிரினம். மரத்தில் தொங்கிக் காலங்கழிக்கும் தேவாங்கு போன்ற சோம்பல் விலங்கு, படுத்தபடியே தோன்றும். அதன் எண்ணோ மலைக்க வைப்பது. முழு வளர்ச்சி பெற்ற நிலையில் 4,000ஐத் தாண்டும். விளையாட்டின் பெரும்புகழ் பெற்ற மியூட்டூவின் எண்ணையும் விஞ்சும். ஆயினும் அதற்கு வாய்த்துள்ள விரைவுத் தாக்குதல் என்ன தெரியுமா? கொட்டாவி. எதிரியை நோக்கிக் கொட்டாவி விடும். எதிரிக்கு ஏற்படும் சேதம் சுழியம். நெடுநேரம் கொட்டாவி விட்டு ஆற்றலைச் சேமித்து எப்போதேனும் ஒருமுறை ஓங்கி அடிக்கும். 300 நொடிக்குள் முடிய வேண்டிய போரில் அதனால் ஆவது யாது? மதிய உணவிற்குப் பிந்தைய பாடவேளையில் வகுப்பெடுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு இவ்வுயிரினத்தை நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவதாக நின்றது பிளிஸ்ஸி. மென்சிவப்பு நிறம், வயிற்றருகே ஒரு முட்டை, சாந்தமான முகம். அதன் உயிர்நிலை மிகப் பெரிது. எத்துணை அடி வாங்கினும் எளிதிற் சாயாது. நம் அரணைக் காக்க நிறுத்தினால் அதற்கு நிகர் அரிது. முற்றுகையிலோ அது சாயாமல் நின்றுகொண்டேயிருக்கும், எதிரியும் நின்றுகொண்டேயிருக்கும், கடிகாரம் மட்டும் ஓடும். காப்பதற்கு வாய்த்த ஒன்றைத் தாக்குவதற்கு ஏவியது பிளிஸ்ஸியின் பிழையன்று.

அந்தப் போராற்றல் எண்ணுக்கு எதிரி யார் என்று தெரியாது. இதனை நன்கு சிந்திக்க வேண்டும். எண் என்பது அவ்வுயிரினத்தின் உடலைப் பற்றிய செய்தி. நெருப்பை எதிர்க்கப் போகிறதா, நீரை எதிர்க்கப் போகிறதா, பாறையை எதிர்க்கப் போகிறதா என்பது அதில் இல்லை. வெற்றியோ அதனைப் பொறுத்தே அமைகிறது.

இவ்விளையாட்டில் உயிரினங்கள் 18 வகைப்படும். நெருப்பு, நீர், புல், மின், பனி, நிலம், பாறை, எஃகு, பறவை, நஞ்சு, இருள் என விரியும். 1996இல் 15 வகைகளே இருந்தன. இருளும் எஃகும் 1999இல் வந்தன. தேவதை வகை 2013இல் சேர்ந்தது. நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு புல்லை எரிக்கும், புல் நீரை உறிஞ்சும் என்னும் அளவில் சிறு குழந்தையும் அறியும். ஏனையவற்றின் உறவு சிக்கலானது. அதனைத்தான் மருமகன் கட்டம் போட்டு எழுதிக்கொண்டிருந்தான். எதிரியின் வகைக்குப் பகையான வகையால் தாக்கினால் அடி 1.6 மடங்காகும். எதிரி இரு வகைகளை உடையதாய் இரண்டிற்குமே அது பகையாயின் 1.6ஐ 1.6ஆல் பெருக்க, 2.56 மடங்கு. தாக்கும் உயிரினமும் தாக்குதலும் ஒரே வகையின எனில் மேலும் 1.2 மடங்கு. ஆக, அடி மும்மடங்கினை எட்டுகிறது. பொருந்தாத வகையால் தாக்கினாலோ அடி 0.625ஆகத் தேயும், இன்னும் பொருந்தாதாயின் 0.39ஆகும். ஒரே ஆற்றல் உடைய இரு அடிகளுள் ஒன்று மூன்றாகவும் மற்றொன்று அரையிலும் குறைவாகவும் போய்ச் சேர்கின்றது எனில், தலைமேல் எழுதிய எண்ணிற்கு என்ன பொருள்?

அன்று அவர்களை வீழ்த்திய தலைமை எதிரி ரேக்குவாசா. பச்சை நிறத்தில் வானில் நெளியும் நாகம் போன்றது. டிராகன் வகையும் பறவை வகையும் கலந்தது. இரண்டிற்கும் பகையாவது பனி. எனவே ஆறு இடங்களையும் பனி வகையால் நிரப்புவதே முறை. அதற்குப் பலரும் நம்புவது மாமோஸ்வைன் என்னும் உயிரினம். நீண்ட தந்தமும் அடர்ந்த மயிரும் கொண்டு பழங்கால மாமூத யானையை நினைவூட்டுவது. அதன் எண் ஸ்லேக்கிங்கின் எண்ணிற்குக் கீழேதான். ஆயினும் தூள்பனியும் பனிச்சரிவும் ஆகிய இரு தாக்குதல்களையும் பெற்ற மாமோஸ்வைன் ஆறு இருந்தால், தேர்ந்த ஆட்டக்காரர் இருவர் மூவரே ரேக்குவாசாவை வீழ்த்திவிடுகின்றனர்.

‘பெற்ற’ என்னும் சொல்லை அழுத்திச் சொல்கிறேன். அதே மாமோஸ்வைன் பனித் தாக்குதலுக்குப் பதிலாகச் சேற்றை வாரி அடிக்கும் தாக்குதலைப் பெற்றிருக்கவும் கூடும். சேறு நில வகையைச் சார்ந்தது. பறப்பதன்மேல் அது எடுபடாது. உயிரினம் ஒன்றே, எண்ணும் ஒன்றே. கற்ற தொழில் வேறானதால் பயன் தலைகீழாகிறது. இதனை மாற்றவும் விளையாட்டில் வழியுண்டு. வேறொரு தாக்குதலைக் கற்பிக்கும் கருவி ஒன்றைச் செலவிட்டால் போதும். அணி அமைப்பவர் எந்த உயிரினம் என்று பார்ப்பதோடு நில்லாமல், அஃது எதனைக் கற்றிருக்கிறது என்றும் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பலர் பார்ப்பதில்லை.

வானிலையும் கணக்கில் சேரும். ஆட்டக்காரர் நிற்கும் ஊரின் உண்மை வானிலையையே விளையாட்டும் பின்பற்றுகிறது. மழை பெய்தால் நீர், மின், பூச்சி வகைகளுக்கும், வெயில் காய்ந்தால் நெருப்பு, புல், நில வகைகளுக்கும், மேகம் மூடினால் மல்லர், நஞ்சு, தேவதை வகைகளுக்கும் தாக்குதல் 1.2 மடங்காகும். பனி பெய்தால் பனி வகைக்கும் எஃகுக்கும் அவ்வேற்றம் உண்டு. நம் சமவெளி ஊரில் பனிமழைக்கு எங்கே போவது என்று மருமகன் வருந்தினான். பலத்த காற்றோ டிராகனுக்கும் பறவைக்கும் துணை செய்யும். அதாவது காற்றடிக்கும் மாலையில் ரேக்குவாசாவின் அடி இன்னும் கொடிதாகும். கடற்கரை ஊரில் நின்று அதனை எதிர்ப்பவர் இதனை மறக்கலாகாது.

வேறோர் எடுத்துக்காட்டு என் மனத்தை மிகவும் கவர்ந்தது. டைரனிட்டார் என்பது பாறையும் இருளும் கலந்த கொடிய உயிரினம். அதன் குட்டி கிடைப்பதே அரிது; வளர்ந்துவிட்டால் எண் வானளாவும். அதனை எதிர்க்கச் சிறந்தவற்றுள் ஒன்று மச்சாம்ப். நான்கு கையுடைய மல்லன். மச்சாப் என்னும் எளிய குட்டியிலிருந்து வளர்வது. மச்சாப் தெருவில் திரியும்போதெல்லாம் எதிர்ப்படும், எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் மல்லர் வகை பாறைக்கும் பகை, இருளுக்கும் பகை. ஆதலால் அதன் அடி 2.56 மடங்காக இறங்குகிறது. அதே வேளையில் பாறையின் அடியும் இருளின் அடியும் மல்லன்மேல் குறைந்தே விழுகின்றன. கிடைத்தற்கு அரிய உயிரினம் தெருவில் கிடைக்கும் உயிரினத்தின் முன் வீழ்கிறது. முற்றுகை தொடங்கிய 2017ஆம் ஆண்டிலேயே ஆட்டக்காரர்கள் இதனைக் கண்டுகொண்டு மச்சாப்புகளைத் தேடித் தேடிச் சேர்க்கத் தலைப்பட்டனர்.

இத்துணைக் கணக்கும் பார்க்க இயலாதவர்க்கென விளையாட்டே ஆறனைத் தெரிந்தெடுத்து முன்வைக்கும். என் மருமகனின் தோழர்கள் அன்று அதனையே ஏற்றுக்கொண்டார்களாம். அவ்வாறு தானே தெரியும் முறை நெடுங்காலமாக ஒரு குறையுடையது: எளிதிற் சாயாதவற்றையே அது விரும்பும். அக்ரான் என்னும் எஃகு உடலினைக் கண்ட இடமெல்லாம் முன்னிறுத்தி ஆட்டக்காரரிடையே அது நகைப்புக்கு இடமாயிற்று. சாயாமை அதன் நோக்கம். ஆடுபவர்க்கோ நேரத்திற்குள் வெல்வது நோக்கம். நோக்கம் வேறாகும்போது பிறர் தெரிந்து கொடுத்த அணி நமக்கு எங்ஙனம் உதவும்?

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்பதும், அவற்றைத் தொடர்ந்து தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்னும் அதிகாரங்கள் வருவதும் தமிழ் மாணவர் அறிந்ததே. தேர்வில் அதிகாரப் பெயர்களை வரிசை பிறழாமல் எழுதுவோர் பலர். வலிமை வேறு, காலம் வேறு, இடம் வேறு, இம்மூன்றையும் அறிந்த பின்னரே ஆளைத் தெரிதல் என்று அவ்வரிசைக்கு ஒரு காரணம் காட்டலாம் என்பதை, பூங்காவில் நிற்கும் ஒரு பொறியியல் மாணவன் எனக்கு உணர்த்தினான். அவன் பத்தாம் வகுப்பிற்குப் பின் குறளைத் தொட்டதில்லை என்பது வேறு செய்தி.

நான்கு நாள் கழித்து மீண்டும் அதே ரேக்குவாசா வந்தது. இம்முறை நானும் உடன் சென்றேன். பூங்காவின் நீரூற்றருகே மூவர் மட்டுமே இருந்தனர்: மருமகன், மருந்துக்கடையில் பணிபுரியும் ஓர் இளைஞர், வணிகவியல் பயிலும் ஒரு மாணவி. அம்மாணவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டே மற்ற இருவரின் அணிகளையும் வாங்கிப் பார்த்தார். “அண்ணா, இதை எடுத்துவிடுங்கள். பெரியதுதான், ஆனால் இங்கே உதவாது” என்று இளைஞரின் ஆறில் இரண்டை மாற்றச் சொன்னார். அவர் தம் கைப்பேசியில் ஒவ்வோர் எதிரிக்கும் ஓர் அணியைப் பெயரிட்டுச் சேமித்து வைத்திருந்தார். இவ்விளையாட்டில் ஒரு காசும் செலவிட்டதில்லை என்று பின்னர் அறிந்தேன். மூவரும் வென்றனர், நேரமும் மீதியிருந்தது.

ஐவர் தோற்ற இடத்தில் மூவர் வென்றதற்கு மற்றுமொரு காரணமும் உண்டு. இவ்விளையாட்டில் நட்பிற்கு ஒரு மதிப்பு வைத்திருக்கின்றனர். 2018இல் வந்த ஏற்பாடு அது. நாள்தோறும் பரிசில் பரிமாறிப் பலநாள் பழகியோர் அருகருகே நின்று போரிட்டால் தாக்குதல் சிறிது கூடும். சிறந்த நண்பர் என்னும் நிலையை எட்டியவர்க்கு அக்கூடுதல் நூற்றுக்குப் பத்து. 2020இல் வந்த மெகா வடிவம் இதனினும் வியப்பானது. அவ்வடிவம் கொண்ட உயிரினம் ஒன்று களத்தில் நின்றால், அதன் வகையைச் சார்ந்த தாக்குதல்களைச் செய்யும் உடனாடிகள் அனைவர்க்கும் நூற்றுக்கு முப்பதும், பிற வகைத் தாக்குதல்களுக்கு நூற்றுக்குப் பத்தும் வலிமை கூடுகிறது. ஆறு இடங்களுள் ஓர் இடத்தை, தான் அடிப்பதைவிடப் பிறர் அடிக்கு வலுவூட்டும் ஒன்றிற்கு ஒதுக்குவது அறிவுடைமை. எண்ணை மட்டும் பார்ப்பவர் அவ்விடத்தையும் தன் வலியுடைய ஒன்றிற்கே கொடுத்து இழப்பர். அப்பூங்காவில் கூடுவோர் எத்தெருவினர், எச்சமயத்தினர் என்று ஒருவரும் ஒருவரைக் கேட்டு நான் கண்டதில்லை. யாரிடம் என்ன இருக்கிறது, இன்று வருவீர்களா என்பவையே அவர்கள் கேட்கும் வினாக்கள்.

இதுகாறும் நான் எழுதியதைப் படித்த சமுதாயப் பெரியோர், ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளுக்குக் கைப்பேசி விளையாட்டைப் பரிந்துரைக்கிறாரோ என்று ஐயுறலாம். ஐயம் நியாயமானதே. 2001ஆம் ஆண்டு சவூதி அரேபியாவின் மார்க்க அறிஞர்கள் போக்கிமான் விளையாட்டுகளையும் சீட்டுகளையும் விலக்கப்பட்டவை எனத் தீர்ப்பளித்தனர். சூதாட்டச் சாயல் என்பது அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. அதே நாட்டின் பொது முதலீட்டு நிதியத்திற்கு உரிய ஸ்கோப்லி என்னும் நிறுவனம் 2025இல் போக்கிமான் கோ விளையாட்டை நடத்தும் உரிமை உள்ளிட்ட தொழிலை 350 கோடி டாலருக்கு வாங்கியது. இவ்விரு செய்திகளையும் அருகருகே வைக்கிறேன். தீர்ப்புக் கூற நான் ஆலிம் அல்லன். ஆனால் சூது எனும் அச்சம் எவ்விடத்தில் பொருந்தும், எவ்விடத்தில் பொருந்தாது என்பதை அருகிருந்து கண்டவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்லலாம்.

அணியைத் தெரியும் செயலில் சூது இல்லை. அங்குள்ளது கணக்கும் நினைவாற்றலும் பொறுமையுமே. ஆனால் எதிரி வீழ்ந்த பின் நடப்பது வேறு. வீழ்ந்ததைப் பிடிக்கச் சில வெண்பந்துகள் தரப்படும். எறிந்தும் அது தப்பி ஓடலாம். பிடிபட்டாலும் நிறம் மாறிய அரிய வடிவமாக இருக்குமா, உள்வலிமை மிக்கதாக இருக்குமா என்பன எல்லாம் வாய்ப்பைப் பொறுத்தவை. எனவே இன்னொரு முறை, இன்னொரு முறை என்று மனம் இழுக்கும். முற்றுகைக்கு நுழைவுச்சீட்டு வேண்டும். அரணுக்கு நடந்து சென்றால் நாளொன்றுக்கு ஒரு சீட்டு விலையின்றிக் கிட்டும். அதற்கு மேல் வேண்டுவோர் விளையாட்டு நாணயம் கொடுத்து வாங்க வேண்டும். நம் உயிரினத்தை அரண்காவலுக்கு நிறுத்தி நாளொன்றுக்கு 50 நாணயம் வரை ஈட்டலாம். பொறுமையற்றோர் பணம் கொடுத்து நாணயம் வாங்குவர். 2020 ஏப்ரலில், கொரோனாக் காலத்தில், வீட்டிலிருந்தபடியே தொலைவிலுள்ள முற்றுகையில் சேரும் சீட்டு வந்தது. 2023 ஏப்ரலில் அதன் விலை 100 நாணயத்திலிருந்து 195ஆக உயர்ந்தது. நாளொன்றுக்கு ஐந்து என்னும் வரம்பும் விதிக்கப்பட்டது. உலகெங்கும் ஆட்டக்காரர் குரலெழுப்பினர். ஐந்து என்று பிறர் வரம்பிட வேண்டியிருந்தது என்பதே, வரம்பில்லாமல் வாங்கியோர் இருந்தனர் என்பதைக் காட்டவில்லையா?

இங்கேதான் அணி தெரிதல் ஒரு காப்பாக நிற்கிறது. பொருந்தாத அணியோடு செல்பவன் தோற்கிறான். சாய்ந்தவற்றை எழுப்ப மருந்து வேண்டும், மருந்து தீர்ந்தால் நாணயம் வேண்டும். எதிரி அரணிலிருந்து நீங்கும் நேரம் கடந்துவிட்டால் சீட்டும் வீண். அவன் தன் அறியாமையைப் பணத்தால் ஈடுகட்ட முனைகிறான். பொருத்தம் அறிந்தவளோ ஒரு சீட்டோடு வந்து, ஒரு முறை போரிட்டு, வென்று, மஃரிபுக்கு முன் வீடு திரும்புகிறாள். தந்தையரே, தாய்மாரே, உங்கள் பிள்ளை எத்துணை நேரம் ஆடுகிறான் என்று கேட்பதோடு, எதனைக் கொண்டு ஏன் ஆடுகிறான் என்றும் ஒருமுறை கேளுங்கள். சிந்தித்து அணி அமைக்கும் பிள்ளையை ஒரு வகையாகவும், நிறம் மாறிய ஒன்றிற்காகச் சீட்டின்மேல் சீட்டு வாங்கும் பிள்ளையை வேறு வகையாகவும் நடத்த வேண்டும். இரண்டாமவனுக்கு அறிவுரை போதாது. பணம் செலுத்தும் வழியை உடனே அடைக்க வேண்டும். முன்னவனைத் திட்டினால் அவன் நம்மிடம் பேசுவதை நிறுத்திவிடுவான், விளையாட்டை நிறுத்தமாட்டான். பள்ளிவாசல் வளாகத்திலும் சாலையைக் கடக்கும்போதும் கைப்பேசி சட்டைப்பைக்குள் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் எனக்கு இரு கருத்து இல்லை.

தமிழாசிரியன் என்ற முறையில் ஒரு சிறு மனக்குறையும் உண்டு. 2023இல் இவ்விளையாட்டு இந்தியில் வந்தது. உயிரினங்கள் பலவற்றிற்கு இந்திப் பெயரும் வைத்தனர். அவ்வேளையில் தமிழ் வடிவம் வரவில்லை. மேலே நான் எழுதிய தூள்பனி, பனிச்சரிவு, மல்லர் வகை முதலிய சொற்கள் எல்லாம் மருமகனும் நானும் திண்ணையில் அமர்ந்து ஆக்கியவை. இன்னும் நல்ல சொல் தோன்றும் மாணவர் துறைக்கு வந்து சொல்லலாம்.

இறுதியாக, என் மேல் உள்ள ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரிகளுக்கிடையேயான இலக்கியப் போட்டிக்கு நால்வர் அணியைத் தெரியும் பொறுப்பு எனக்கு வந்தது. மதிப்பெண் பட்டியலை எடுத்தேன்; மேலிருந்து நால்வரை எழுதினேன். ஐந்து நிமிட வேலை. நால்வரும் நன்மாணவர், நால்வரும் ஒரே வகையினர். கேட்ட பாடத்தைப் பிழையின்றி எழுதுவர். போட்டியிலோ கொடுத்த தலைப்பில் உடனே பேச வேண்டும், கவிதையைச் செவியால் கேட்டுப் பாவகை சொல்ல வேண்டும், எதிரணியை மறுத்துரைக்க வேண்டும். முதற் சுற்றிலேயே வெளியேறினோம். திரும்பும் பேருந்தில் அந்நால்வரும் தலைகுனிந்து அமர்ந்திருந்தனர். பிழை தங்களுடையது என்று எண்ணினர். எண்ணட்டும் என்று நானும் அன்று வாளா இருந்துவிட்டேன். அதனை இப்போது நினைக்க நாணமாக இருக்கிறது. அவ்வாண்டு கடைசி இருக்கையில் ஒரு மாணவன் இருந்தான். இரு தாள்களில் தேறாதவன். தன் பாட்டனாரிடம் கேட்டுக் கேட்டே சீறாப்புராணப் பாடல்களை ஓசை கெடாமல் சொல்லக் கற்றவன். எந்தப் பாடலைச் சொன்னாலும் இஃது இன்ன விருத்தம் என்று காதாலேயே அறிபவன். அவன் பெயர் என் பட்டியலின் அடியில் இருந்தது. என் கண் அதுவரை இறங்கவில்லை.

இவ்வாண்டும் அப்பொறுப்பு என்னிடமே வந்துள்ளது. போட்டி விதிகளை முதலில் வாங்கிப் படித்தேன். என்னென்ன சுற்றுகள், எவ்வளவு நேரம், நடுவர் எதற்கு மதிப்பெண் இடுவர் என்று ஒரு தாளில் கட்டம் போட்டேன். மதிப்பெண் பட்டியலை இன்னும் திறக்கவில்லை. மூன்று வகுப்புகளிலும் சென்று மாணவரைப் பேசவும் பாடவும் மறுக்கவும் வைத்துக் கேட்டு வருகிறேன். ஏழு பெயர்கள் தேறியுள்ளன, நான்கு இடங்களே உள்ளன. ஒருவர் மேடையில் பெரிதாகப் பேசமாட்டார். ஆனால் அவர் அருகில் இருந்தால் மற்றவர் தடுமாறுவதில்லை. அவருக்கு ஓர் இடம் கொடுப்பதா என்பதில்தான் இரண்டு நாட்களாக எனக்கும் துறை நண்பர்களுக்கும் வாதம் நடக்கிறது.